கண்ணாடின்னு வெச்சுக்கோ

பால் அடிப்பிடித்த பாத்திரத்தைக் கம்பி நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். தேய்க்கத் தேய்க்கக் கருப்பு போனது, கூடவே விரல் நகமும் போனது. முகத்துக்கு நேரே ஜன்னல். அதற்கு வெளியே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. சந்தைத் தாண்டி இன்னொரு ஜன்னல், அதில் தையல்கார அக்கா.

"என்னடி, இன்னிக்கும் பாலைக் கருக்கிட்டியா?"

"கருக்கிட்டேன்னு சொல்லாதீங்க. கருகுறதுன்னா முழுசாக் கரியாகணும். இது அடிப்பிடிச்சிருக்கு. பேரைச் சரியாச் சொல்லிப் பழகுங்க" என்றாள் அவள், மூக்கை உயர்த்திக்கொண்டு, அப்படியே தன் வீட்டுக்காரர் குரலில்.

அக்கா சிரித்த சிரிப்பில் தையல் மெஷின் நின்றுபோனது. மூன்று வயதுப் பாப்பாவும் எதற்கென்று தெரியாமலே கைதட்டிச் சிரித்தது.

சிரிக்காத ஆள் ஒருவர் உண்டு. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்த வீட்டுக்காரர், சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

அவருக்குக் கண்ணாடிப் பட்டறையில் வேலை. வங்கிக்கும் நகைக்கடைக்கும் தடித்தடியாகக் கண்ணாடி செய்கிற பட்டறை. அவர் வெட்டுவதும் இல்லை, பொருத்துவதும் இல்லை. வாங்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். யாராவது வாய் தவறி 'குண்டு துளைக்காத கண்ணாடி' என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"துளைக்காததுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுங்க. எதையும் துளைக்கலாம். இது குண்டைத் தாங்குற கண்ணாடி. எந்தத் துப்பாக்கி, எத்தனை குண்டு, எவ்வளவு தூரத்துலேர்ந்து, இதெல்லாம் சொல்லாமப் பேர் வைக்கக்கூடாது."

வேலையில் அது நல்ல குணம்தான். அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தெருவில் அவருக்கு 'அழிரப்பர்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அழித்துவிட்டு வேறு எழுதுவார். ஒரு துக்க வீட்டில், "மாரடைப்புல போயிட்டாரே" என்று அழுத பெண்ணிடம், "அடைப்பு இல்லைம்மா, இதயம் நின்னிருக்கு, ரெண்டும் வேற" என்று சொன்னவர். அதன்பிறகு அந்தத் தெருவில் யார் செத்தாலும் அவருக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

அன்று அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் ஏதோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளே வந்தது. இரண்டு ஆள் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நகைக்கடை ஒன்றுக்காகச் செய்து, அளவு பிசகி, பட்டறை மூலையில் கிடந்த கண்ணாடித் துண்டு. தலையணை மாதிரித் தடிமன். பழைய ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்துச் சுற்றிலும் பூசி அடைத்தார்கள்.

"எதுக்குங்க இது?"

"பாதுகாப்புக்கு. சந்துல பசங்க பந்து விளையாடுறாங்க."

"பந்துக்குப் போய்க் குண்டு துளைக்காத கண்ணாடியா?"

"துளைக்காத இல்ல. தாங்குற."

"திறக்க முடியாதா?"

"திறந்தா அதுக்குப் பேரு பாதுகாப்பா?"

அந்தப் பக்கம் அக்கா வந்து நின்று வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. தொட்டியில் விட்ட மீன் மாதிரி வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கதவைச் சாத்தும்போது விசில் அடித்தார். கல்யாணமாகி அவர் விசிலடித்து அவள் கேட்டது அன்றுதான்.

மற்றவர்களுக்கு அது ஒரு ஜன்னல். அவளுக்கு ஒரு நாளில் பெரிய மனுஷப் பேச்சு கிடைக்கிற ஒரே இடம். மற்ற நேரமெல்லாம் பாப்பாவோடு 'ஆ காட்டு, ஊ காட்டு' என்று பேசிப் பேசி, தனக்கும் மூன்று வயதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பாப்பா தினமும் போய்க் கண்ணாடியில் நாக்கை ஒட்டிவைத்து அக்காவைக் கூப்பிடும். அக்கா கையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

நேரடியாகவே கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, அடுப்படியில எனக்கு மூச்சு முட்டுதுங்க."

"முட்டாது. மேல காத்தோட்டத்துக்கு ஓட்டை இருக்கு. புழுக்கமா இருக்குன்னு சொல்லு."

"சரி, புழுக்கமா இருக்கு."

"ம். அதான் சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

இன்னொரு நாள், "பேச்சுத்துணை இல்லாம செத்துப்போயிடுவேன் போல இருக்குங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"போல-ன்னு சேர்த்துச் சொன்னே பாரு, அது கரெக்ட்" என்றார்.

அன்று இரவு அவள் அழவில்லை. அழுதால் அதற்கும் ஏதாவது பெயர் சொல்லுவார்.

லீவு நாளிலும் அவருக்குப் பட்டறைப் போன் வரும். கூடத்தில் நடந்துகொண்டே பேசுவார். பாப்பாவைத் தூளியில் ஆட்டிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். காதை மூடவா முடியும்?

"ஐயா, வெளிப்பக்கம்தான் கண்ணாடி. உள்பக்கம் கடைசி அடுக்கு பிளாஸ்டிக் தகடு. குண்டு பட்டா உள்ள நிக்கிறவங்க மேல சில்லு தெறிக்கக்கூடாதுல்ல, அதுக்கு. பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும். ஆனா கண்ணாடின்னு நினைச்சுத் தேய்ச்சுடாதீங்க. கம்பி நார், சோப்புத்தூள் எதுவும் படக்கூடாது. பட்டா அவ்வளவுதான், மோர் ஊத்தின மாதிரி வெளுத்துப்போயிடும்."

தூளி நின்றது. பாப்பா முனகியது. தூளி மறுபடி ஆடியது.

யார் யாருக்கோ எத்தனை பொறுமையாகச் சொல்கிறார், என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மற்றது பிறகுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"ஏங்க, அந்த ஜன்னல் எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு. உள்பக்கம் இருக்கிறது என்னதுங்க?"

"தள்ளு, மறைக்காத."

"இல்லீங்க, பேரைச் சரியாத் தெரிஞ்சுக்கலாம்னுதான். உள்பக்கம் என்னது?"

"உனக்கெதுக்கு அவ்வளவு விளக்கம்? சொன்னாப் புரியவா போகுது? கண்ணாடின்னு வெச்சுக்கோ."

"அப்ப மத்த கண்ணாடி மாதிரியே தேய்க்கலாமா?"

"தேயேன்! குண்டையே தாங்குது, உன் கையைத் தாங்காதா?" என்று சொல்லித் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அவளும் சிரித்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் புதுக் கம்பி நார் பிரித்தாள். கைநிறையச் சோப்புத்தூள். வட்டமாகத் தேய்த்தாள், நீளமாகத் தேய்த்தாள், ஸ்டூல் போட்டு ஏறி மூலை மூலையாகத் தேய்த்தாள். அவர் கேட்காமல் விட்ட பேச்செல்லாம் கைக்கு வந்தது போல ஒரு பலம். அந்தப் பக்கம் அக்காவின் முகம் மெல்ல மங்கி, நிழலாகி, காணாமல் போனது. அப்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

இரண்டு நாள் அவர் கவனிக்கவே இல்லை. சமையலறைக்கு வந்தால்தானே? மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டறை முதலாளியையும் ஒரு நகைக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நகைக்கடைக்காரர் பெரிய ஆர்டர் கொடுக்கப்போகிறவர்.

"நான் சொல்றதைவிட நீங்களே பாருங்க. என் வீட்டுலயே மாட்டியிருக்கேன். மாட்டியிருக்குன்னே தெரியாது, அவ்வளவு தெளிவு!" என்று கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

நகைக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "சுவருக்கு வெள்ளையடிச்சிருக்கீங்களா?"

முதலாளி விரலால் தடவிப் பார்த்தார். முகம் சிவந்தது. "ஏம்மா, எதைப் போட்டுத் தேய்ச்சே?"

அவள் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "கம்பி நார் ஐயா" என்றாள்.

"உள்பக்கம் பிளாஸ்டிக்குன்னு உன் வீட்டுக்காரர் சொல்லலையா?"

"கேட்டேன் ஐயா. பூராவும் கண்ணாடின்னு சொன்னாருங்க."

"அப்படியாய்யா சொன்னே?"

அவரிடம் இருந்த ஒரே நல்ல குணம், பொய் சொல்ல வராது. அதைவிடப் பெரிய குணம், தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் விடவும் வராது.

"இல்ல சார். 'பூராவும் கண்ணாடி'ன்னு நான் சொல்லவே இல்ல. 'கண்ணாடின்னு வெச்சுக்கோ'ன்னுதான் சொன்னேன்."

நகைக்கடைக்காரர் இருமினார், அல்லது சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"நாளைக்கே கழட்டு" என்றார் முதலாளி. "நம்ம பட்டறைச் சரக்குன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. பொண்டாட்டிக்கு விளக்கத் தெரியாதவன் ஊருக்கு விளக்க வந்துட்டான்."

கழற்றினார்கள். பரண்மேலிருந்து பழைய கதவு இறங்கியது. ஒட்டடையோடு கிறீச்சென்று திறந்ததும் பாப்பா சந்துக்குக் கேட்கிற மாதிரிக் கத்தியது.

அடுத்த நாள் காலை பால் மறுபடி அடிப்பிடித்திருந்தது. கம்பி நாரும் கையுமாக நின்றாள் அவள்.

"என்னடி ஆச்சு, வீட்டுல பெரிய சண்டையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ராத்திரி கூப்பிட்டு உட்கார வெச்சாரு. 'உண்மையைச் சொல்லு, தெரிஞ்சுதானே செஞ்சே?'ன்னு கேட்டாரு."

"ஐயையோ! நீ என்ன சொன்னே?"

"எதுக்கு மறைக்கணும்? 'ஆமாங்க, தெரிஞ்சுதான் ஜன்னலைப் பாழாக்கினேன், எனக்கு வேற வழி தெரியலை'ன்னு சொல்லிட்டேன்."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! அவரு?"

"'ஜன்னலைன்னு சொல்லாத. ஜன்னல் சட்டம் நல்லாத்தான் இருக்கு. தகட்டைப் பாழாக்கினேன்னு சொல்லு'ன்னாரு. நானும் அப்படியே சொன்னேன். 'ம், அதான் சரி'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கக்கா. நான் சொன்ன பேரு தப்புன்னு அவருக்குக் கேட்டுச்சு. வேற வழி தெரியலைன்னு சொன்னேனே, அது மட்டும் இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அவரு காதுல…"

"அம்மா! ஓடி வா!" என்று கூடத்திலிருந்து பாப்பா கத்தியது.

"போயிட்டு வாடி, மிச்சத்தை வந்து சொல்லு" என்றாள் அக்கா, ஜன்னலை விட்டு நகராமல்.