விசிட்டர் வேற, கெஸ்ட் வேற

தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா கோதண்டபாணிக்கு ஆடி மாதம் பிறந்தாலே ரத்தம் கொதிக்கும். திருத்தணியில் வீடு வைத்திருப்பவன் பாடு கிருத்திகை வந்தால்தான் தெரியும். மலைக்கு வருகிற சொந்தமெல்லாம் முருகனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் அவன் சோற்றுப்பானையைத்தான் பார்க்கும்.

போன வருஷக் கிருத்திகைக்குப் பெண்டாட்டியின் தம்பி பரசுராமன், ஆர்.கே.பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்து, நேராக இவர் கட்டிலில் சாய்ந்தான். தறியில் உட்கார்ந்து முதுகு போய்விட்டதாம். இவர் ஆபீஸ் பெஞ்சில் சுருண்டு கிடந்ததைக் காலையில் பார்த்த தாசில்தார், "என்னய்யா, வீட்டிலே சண்டையா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் கட்டிலைக் காப்பாற்ற இங்கிலீஷை எடுத்தார். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வார்த்தையைப் பிரித்து வைப்பதில் அவர் புலி. பெண்டாட்டி வரலட்சுமி "சோறு ஹாட்டா கீதுங்க" என்றால், "ஹாட் வேறடி, வார்ம் வேற" என்று தொடங்கி, சோறு இரண்டும் இல்லாமல் ஆறிப்போகும் வரை விளக்குவார்.

"இங்க பாரு வரலட்சுமி. விசிட்டர் வேற, கெஸ்ட் வேற."

"ரெண்டு பேரும் வர்றவங்கதானேங்க?"

"இப்பிடிப் பேசித்தான் என் கட்டில் போச்சு. விசிட்டர்னா வருவான், ஒருவேளை சாப்டுவான், போயிடுவான். கெஸ்ட்னா படுப்பான். நம்ம வூட்டுக்கு விசிட்டர் வரலாம், கெஸ்ட் வரக்கூடாது. உன் தம்பி எதுவா வந்துகினு கீறான்னு வாசல்லயே கேப்பேன்."

"ஆங், கேளுங்க. ரெண்டுமே இல்லாம வந்தா?"

"அப்பிடி ஒண்ணு இங்கிலீஷ்லயே இல்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் புளி கரைக்கப் போனாள். அவ்வளவு சுலபமாக ஆட்டுகிற தலை இல்லை அது. ஜெயித்த மயக்கத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் சாயந்திரம், வாசற்படியை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்டது. மஞ்சள் வேட்டியும் மாலையுமாக ஒரு மயிலிறகுக் காவடி ஆடிக்கொண்டு வந்து, நேரே அவர் முன்னால் நின்றது. காவடிக்குக் கீழே பரசுராமன் முகம். பின்னால் அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார்.

"நீ விசிட்டரா..." என்று ஆரம்பித்தார்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னாங்க இது, சாமியப் போயி கேள்வி கேட்டுகினு கீறீங்க? கால்ல தண்ணி ஊத்துங்க."

தெருவே பார்த்தது. மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வரலட்சுமி தயாராக நின்றாள். தன்னைவிடச் சின்னவன் காலில், அதுவும் மச்சினன் காலில், கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார், விழுந்தும் கும்பிட்டார்.

"நல்லா இரு பாவா" என்று அக்கா புருஷனுக்குத் திருநீறு பூசினான் பரசுராமன். அப்புறம் காதோடு, "விசிட்டராவும் வராத, கெஸ்டாவும் வராத, காவடியா வந்துடுன்னு அக்காதான் சொல்லி அனுப்புச்சி. காலைலதான் மலை ஏறணும்."

"விரதக்காரன் பாயிலதான் படுக்கணும்" என்று கோதண்டபாணி கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார்.

"அவன் பாயிலதாங்க. காவடிய வெறுந்தரையில வெக்கலாமா?" என்றாள் வரலட்சுமி. துவைத்த துப்பட்டி விரித்துத் தயாராக இருந்த கட்டிலில் காவடி ஏறியது. கட்டிலைச் சுற்றிச் சொந்தம் முழுக்கப் பாய் விரித்தது.

"அப்ப நான் எங்கடி படுக்கிறது?"

"படுத்தா நீங்க கெஸ்ட் ஆயிடுவீங்க. நம்ம வூட்டுக்குத்தான் கெஸ்ட் வரக்கூடாதே. விசிட்டராட்டம் சாப்ட்டு கெளம்புங்க, ஆபீஸ் பெஞ்சத் தொடச்சி வெக்கச் சொல்லிட்டேன்."