முன்ரூமில் ஆறு கூடை பிகோனியா

இந்த சீசனுக்கு மச்சினன் முன்ரூமில் படுக்கக் கூடாது. குத்துக்கல்வலசை ஆவுடைநாயகம் இந்த முடிவுக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. பெண்டாட்டி நாச்சியாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. வீரம் வேறு, அவசரம் வேறு.

நியாயத்தைக் கேளுங்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் போதும், சுரண்டையிலிருந்து நாச்சியாரின் அண்ணன் வல்லிநாயகம், பெண்டாட்டியும் பெட்டியுமாக வந்து இறங்கிவிடுவார். பத்து நாள். காலையில் ஐந்தருவிக் குளியல், மற்ற நேரமெல்லாம் முன்ரூம். ஈஸிசேர் அவருக்கு. டிவி ரிமோட் அவருக்கு. ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து அவர் விடுகிற குறட்டையில் சுவர்க் காலண்டரில் ஆனி போய் ஆடி வந்துவிடும். ரிட்டையரான மனுஷனுக்கு நிம்மதியாக உட்கார இருப்பதே அந்த ஒரு ரூம்தான்.

வல்லிநாயகத்துக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மழையே கொட்டினாலும் ஃபேன் ஓடாவிட்டால் கண் மூடாது.

குற்றாலம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் சாஜிதா, கூடையில் தொங்கும் பிகோனியா பூச்செடியைக் காட்டி, "வராந்தாவுல தொங்க விடுங்க அண்ணாச்சி. காத்து வேகமா அடிச்சா மட்டும் தண்டு முறிஞ்சிரும், பாத்துக்கோங்க" என்றாள். ஆவுடைநாயகத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வராந்தாவை மறந்தார், காற்றை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆறு கூடை வாங்கி வந்து முன்ரூமில் கொக்கி அடித்து மாட்டினார்.

நாச்சியார் அண்ணாந்து பார்த்தாள்.

"இது என்ன, ஃபேனைச் சுத்திக் கூடையாத் தொங்கவிட்டிருக்கிய?"

"ஏட்டி, இது பிகோனியா. வெயில் ஆகாது, அதான் உள்ள."

"அப்ப ஃபேன் போடக் கூடாதா?"

"சுவிச்சைத் தொடவே கூடாது. தண்டு முறிஞ்சிரும்."

"தண்ணி வேற சொட்டுதே."

"சொட்டத்தான் செய்யும். கீழ பாய் விரிக்க முடியாது பாரு."

நாச்சியார் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப எங்க அண்ணன்?"

"எனக்கும் அதான் சங்கடமா இருக்கு. மச்சான் ஃபேன் இல்லாம உறங்க மாட்டாரு. அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்."

சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை.

"நீங்க சொல்லுததும் சரிதான்" என்றாள். "இதைப் பக்கத்துல இருந்து பாக்கணுமோ?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எவன்தான் மூடுகிறான்?

"பின்ன? கைப்பிள்ளை மாதிரில்லா. தண்ணி தேங்குனா கிழங்கு அழுகிரும். எலி வந்தா தண்டைக் கடிச்சிரும். ஒரு ஆள் கூடவே இருக்கணும்."

"யாரு, நீங்களா?"

"வேற யாரு?"

"ராத்திரியுமா?"

"ராத்திரிதான் முக்கியம்."

"நல்லது" என்று நாச்சியார் செல்லை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆவுடைநாயகம் கடைக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் கார் வந்து நின்றது. வல்லிநாயகம் பெண்டாட்டியோடு இறங்கினார். முன்ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பெட்ரூமுக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தார். அங்கே ஃபேன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே முன்ரூம் டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. ஈஸிசேரும் அங்கேதான் கிடந்தது.

"ஏட்டி, என்ன இது?" என்று முன்ரூமில் நின்ற நாச்சியாரிடம் ஆவுடைநாயகம் கேட்டார்.

"நீங்கதான் ராப்பகலா பூவை விட்டு நகர முடியாதே. பெட்ரூம் சும்மாதான கெடக்கும், அண்ணனுக்குக் கொடுத்துட்டேன். நானும் மதினியும் ஃபேன் இல்லாத மாடி ரூம்ல படுத்துக்கிடுதோம். ஒங்க பாயும் தலகாணியும் இங்கனயே வச்சிருக்கேன்."

"டிவி?"

"அந்த வெளிச்சம் பூவுக்கு ஆகுமோ ஆகாதோ, நமக்கு எதுக்கு வம்பு?"

ஆவுடைநாயகம் பாயில் உட்கார்ந்தார். வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நகர்ந்தார். அங்கே இன்னொரு கூடை இருந்தது. சாரல் நின்று ஒரே புழுக்கம். மெல்ல எழுந்து சுவிச்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

பெட்ரூம் கதவு திறந்தது. வல்லிநாயகம் தலையை நீட்டி, உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"மாப்ள, ஃபேனைப் போட்டுராதிய. பாவம், பூவு."