மூன்றாவது கரண்டி சர்க்கரை

"நீங்க இருக்கும்போது நாங்க எதுக்குக் கவலைப்படணும் சார்ஜென்ட்?" என்று மேஜர் பிரேஸ்கர்டில் சொன்னதும் கிளெமென்ட் ஓரெல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரிப்பன் வெட்டியாகிவிட்டது. நாய்ப் போட்டியில் எந்த நாயின் மனமும் கோணாமல் பரிசு சொல்லியாகிவிட்டது. இரண்டு ஸ்கோன் ரொட்டி தின்று, மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றி கோட்டுப் பைக்குள் போட்டும் ஆயிற்று. லிட்டில் ஹாம்பர்லி கிராமத்துக் கோடை விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்? சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்று எழுந்தவரை விழாக் கமிட்டித் தலைவரான மேஜர் மறித்துக்கொண்டார். பெரிய பூசணிக்காய்க்குக் கொடுக்கிற வெள்ளிக் கோப்பையைக் காணோமாம்.

கிளெமென்ட் சார்ஜென்ட்டும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவியில் சார்ஜென்ட் ஆம்பிளாக வருகிறவர், அவ்வளவுதான். அந்த சார்ஜென்ட்டை மேலதிகாரிகள் ஒரு ஆளாகவே மதிக்க மாட்டார்கள். பிரமோஷன் கிடையாது. உருப்படியான கார் கிடையாது. யார் என்ன கேட்டாலும், "எனக்கு அவ்வளவு விவரம் பத்தாதுங்க" என்பார். டீ வாங்கி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குவார். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டே போகும்போது நடுவில், "இன்னும் ஒரு கரண்டி கிடைக்குமா?" என்று கேட்டாரானால் கதை முடிந்தது. குற்றவாளி அந்த ஆள்தான். அந்த மூன்றாவது கரண்டிக்காகவே ஊர் உலகமெல்லாம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

நிஜத்தில் கிளெமென்ட் தன் மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறவர்.

"மேஜர், நான் வெறும் நடிகன். இதைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஆரம்பிச்சிட்டாரு பாரு. எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்பாரு" என்று ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளின் விலாவில் இடித்தாள்.

கோப்பைக்குப் பொறுப்பு வினிஃப்ரெட் டாஸ்கர். டீக் கூடாரத்தை நடத்துகிற அம்மாள். ஒரு டம்ளர் உயரம்கூட இல்லாத அந்தக் கோப்பையை வருடா வருடம் ஜெயித்தவர் வீட்டிலிருந்து வாங்கித் துலக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவருவது அவள்தான். ஒரு காலத்தில் அதை ஜெயித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், போட்டிக்கு முந்தின ராத்திரி அவளுடைய பூசணிக்கொடி காரணமே தெரியாமல் கருகிப்போயிற்று. அதிலிருந்து கோப்பை மேஜர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது அதே மேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பரிசளிப்புக்குள் கோப்பை வந்து சேராவிட்டால் வினிஃப்ரெட் கமிட்டியை விட்டு விலக வேண்டியதுதான், டீக் கூடாரத்தைத் தன் மச்சினி பார்த்துக்கொள்வாள் என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தார்.

வினிஃப்ரெட்டுக்கு உதடு துடித்தது. "நான் வெளிய எடுத்து வச்சது நிஜம் சார்ஜென்ட். ஆனா தொலைக்கலை. இந்தக் கூடாரத்தை விட்டா எனக்கு இந்த ஊர்ல வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

கிளெமென்ட் இளகிய மனசுக்காரர். சும்மா இருந்திருக்கலாம். "பாக்கறேம்மா" என்று சொல்லித் தொலைத்தார். கூட்டம் கைதட்டியது.

அந்தச் சமயத்தில் வாயைத் திறந்தவர் கான்ஸ்டபிள் டென்ஸில் ஃபாக். அந்த ஊருக்கென்று இருந்த ஒரே போலீஸ்காரர். மாமிச மலை. காலையிலிருந்து கார்களை ஒழுங்காக நிறுத்தவைத்துக்கொண்டிருந்தவர். வெயிலில் முகமெல்லாம் வேர்த்து வழிந்தும் உயரமான தொப்பியைக் கழற்றாமல் நின்றார். கோப்பை விஷயமாகத் தானும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீயா?" என்றார் மேஜர். "குளத்தங்கரைப் பெஞ்சை எவன் உடைச்சான்னு இன்னும் கண்டுபிடிக்கலை. ஜாம் போட்டியில தில்லுமுல்லுன்னு புகார் குடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? நீ போய் காரைப் பாருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். டென்ஸிலும் கூடவே சிரித்தார். கிளெமென்ட்டுக்குப் பாவமாக இருந்தது. டிவியில் தான் நடித்துக் காட்டுகிற அவமானத்தை இந்த மனுஷன் சம்பளம் வாங்கிக்கொண்டு நிஜமாகவே அனுபவிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

"சார்ஜென்ட் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு வச்சுத்தானே பேசுவாரு?" என்றார் டென்ஸில், கோபமே இல்லாமல். "டீக் கூடாரத்துல ஒரு மேஜை போட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

மேஜை வந்தது. சர்க்கரைக் கிண்ணம் வந்தது. டென்ஸில் குனிந்து வினிஃப்ரெட்டின் காதில் ஏதோ கேட்டார். பால் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார். அந்த அம்மாள் உடனே கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அந்தக் குலுங்கலைப் பார்த்தபோதுதான் கிளெமென்ட்டுக்குத் திடீரென்று எல்லாம் ஞாபகம் வந்தது.

கோப்பையைத் தொலைத்ததே அவர்தான்.

மத்தியானம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தக் கோப்பையை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். படம் எடுத்து முடிந்ததும் கிளெமென்ட் வழக்கம்போலக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். ஷூட்டிங்கில் அப்படித்தான். துப்பாக்கியோ தொப்பியோ பாதி தின்ற சாண்ட்விச்சோ, வேலை முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்ட வேண்டும்; வாங்கிக்கொள்வதற்கென்றே ஒரு ஆள் பக்கத்தில் நிற்பான். வருடக் கணக்கில் ஊறிப்போன பழக்கம். வீட்டில்கூட அப்படி நீட்டித்தான் மூன்று டீக்கோப்பையைப் போட்டு உடைத்திருக்கிறார்.

இன்றைக்கும் யாரோ வாங்கிக்கொண்டார்கள். கை காலியானது ஞாபகம் இருக்கிறது. வாங்கிய முகம்தான் ஞாபகம் இல்லை. பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மண்டையைக் குடைந்து பார்த்தார். பாதிரியார் பெலிங், ஜாம் புகழ் திருமதி ஹாஸ்க், மேஜர். இந்த மூன்று பேர்தான். வேறு யாரும் நின்றதாகத் தெரியவில்லை.

எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால், நாடே நம்புகிற துப்பறிவாளன் கையில் கொடுத்த சாமானையே தொலைத்துவிட்டான் என்று நாளைக்குப் பத்திரிகையில் அதே படத்தோடு வரும். காதும் காதும் வைத்தாற்போல இந்த மூன்று பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டால் போயிற்று.

முதலில் பாதிரியார் வந்தார். டென்ஸில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூடார வாசலில் போய் நின்றார். கிளெமென்ட் ஒரு வாய் குடித்தார். நாக்கு சுருண்டுவிட்டது. பெரிய கெட்டிலில் காலையிலிருந்து ஊறிக் கஷாயமாகிப்போன டீ. பேருக்குக்கூடச் சர்க்கரை இல்லை. இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். அப்படியும் இறங்கவில்லை.

"மத்தியானம் என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தீங்க இல்லையா ஃபாதர்..." என்று ஆரம்பித்தவர், கசப்பு தாங்காமல், "இருங்க, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கறேன்" என்று கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினார்.

பாதிரியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார்ஜென்ட். போடாதீங்க. நானே சொல்லிடறேன். நான்தான்."

கிளெமென்ட்டுக்கு உயிர் வந்தது. "கோப்பையை எங்க வச்சிருக்கீங்க?"

"கோப்பையா? பெஞ்சு! குளத்தங்கரைப் பெஞ்சு. பிஷப் வீட்டு விருந்துல கொஞ்சம் கூடுதலா ஆயிடுச்சு. ரிவர்ஸ் எடுக்கறேன்னு நினைச்சு..." பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு வருடமாக அந்தப் பெஞ்சுக்காக வசூல் செய்துகொண்டிருந்தவரும் அவரேதான் என்பது வேறு விஷயம். மனசு லேசாகிப் போனவர், வெளியே போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

இனிமேல் சர்க்கரைக் கிண்ணத்தைத் தொடுவதில்லை என்று கிளெமென்ட் முடிவுசெய்தார். திருமதி ஹாஸ்க் வந்து உட்கார்ந்தாள். டென்ஸில் மறுபடி அதே கஷாயத்தை வைத்துவிட்டுப் போனார். கிளெமென்ட் சர்க்கரை போடாமலேயே, முகத்தைச் சுளிக்காமல், ஒரு வாய் விழுங்கினார்.

திருமதி ஹாஸ்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஒரு கரண்டிகூடப் போடலை" என்றாள் மெல்ல. "அப்ப நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்மா?"

"அது கடை ஜாம்தான் சார்ஜென்ட். டவுன்ல போய் வாங்கிட்டு வந்து, வெந்நீர்ல லேபிளை ஊறவச்சு உரிச்சிடுவேன். நாலு வருஷமா வினிஃப்ரெட்டுக்கு வரவேண்டிய பரிசு. அவளை நிமிந்து பாக்க முடியலை." சொல்லிவிட்டு அவள் போன வேகத்தில் நாற்காலி சரிந்தது.

கிளெமென்ட் டீயைத் தள்ளி வைத்தார். கோப்பையும் வரவில்லை, ஊரும் நாறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்தால் கொலையே வெளியில் வந்துவிடும்போல் இருந்தது. மூலையில் வினிஃப்ரெட் கைக்குட்டைக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை. அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல மனுஷியை அழவிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பத்திரிகையில் வந்தால் வரட்டும். எழுந்து நேராகப் பரிசளிப்பு மேடைக்கு நடந்தார்.

மேஜர் ஏற்கெனவே மைக்கைப் பிடித்துக்கொண்டு வினிஃப்ரெட்டின் நெடுநாள் சேவையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதாவது, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார் என்று அர்த்தம். கிளெமென்ட் மைக்கை வாங்கினார்.

"வினிஃப்ரெட் அம்மா மேல ஒரு தப்பும் இல்லை. கோப்பையைத் தொலைச்சது நான்தான். நான் மட்டும்தான்."

பலத்த கைதட்டல். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் சார்ஜென்ட் ஆம்பிள் பழியை முதலில் தன்மேல் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஆளைப் பிடிப்பார் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். முன்வரிசை மொத்தமும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் கிளெமென்ட். கைதட்டல் இன்னும் கூடியது.

அந்த நேரம் பார்த்து டென்ஸில் ஒரு தட்டில் டீயையும் கிண்ணத்தையும் ஏந்திக்கொண்டு, தொப்பி ஆடாமல், பதவிசாக மேடை ஏறினார். கிளெமென்ட்டுக்கு எதைப் போடுவது, எதைப் போடக்கூடாது என்கிற யோசனையெல்லாம் போய்விட்டது. குழம்பிப்போன மனுஷனின் கை பழகிய வேலையைச் செய்யும். ஒரு கரண்டி போட்டது. இரண்டாவது போட்டது. மூன்றாவதை அள்ளிவிட்டுத்தான் விழித்துக்கொண்டார். ஐயோ, கூடாது! அள்ளிய கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் ஆள் இருப்பான் என்ற அதே பழைய நம்பிக்கையில், திரும்பிப் பார்க்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

கரண்டி போய் நின்றது மேஜரின் மூக்குக்கு நேரே.

முன்வரிசை எழுந்தே நின்றுவிட்டது. மேஜர் அந்தச் சர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது.

"உப்புத்தண்ணிதான் ஊத்தினேன்" என்றார் கடைசியில். "விஷமெல்லாம் இல்லை. ஒரு வாளி. ஒரே ஒரு வாளி. அவ காய் அவ்வளவு பெருசா இருந்துச்சு, நான் என்ன பண்றது?"

மைக் திறந்தே இருந்தது. அடுத்த ஊர்வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மேஜர் தலைவர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். வினிஃப்ரெட் இருக்கிறவரை டீக் கூடாரம் அவளுக்குத்தான் என்று பாதிரியார் முன்மொழிய, ஊரே வழிமொழிந்தது. ஜாம் பரிசும் பூசணிப் பரிசும் அவளுக்கே என்றார்கள். அவள் கிளெமென்ட்டின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவளுடைய கண்ணெல்லாம் சிவந்திருந்ததைப் பார்த்து அவர் மறுபடியும் தன்னையே திட்டிக்கொண்டார்.

ரயில் நிலையத்துக்குத் தன் ஓட்டைக் காரில் கூட்டிப்போனவர் டென்ஸில். கார் கூரையில் தொப்பி இடிக்க, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே ஓட்டினார். இந்த ஒரு மனுஷனிடமாவது மனம் விட்டுப் பேசலாம் என்று கிளெமென்ட்டுக்குத் தோன்றியது.

"நான் மேடையில சொன்னது நடிப்பு இல்லை டென்ஸில். கோப்பையை நிஜமாவே நான்தான் தொலைச்சேன். யாரோ வாங்கினாங்க. யாருன்னு தெரியலை."

டென்ஸில் காரை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார். கிளெமென்ட் பார்க்க முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்தார். உள்ளேயிருந்து வெள்ளிக் கோப்பை பளபளத்தது.

"என்கிட்டதாங்க குடுத்தீங்க. கூட்டத்துல வைக்க இடம் இல்லை, இதுக்குள்ள வச்சேன்."

கிளெமென்ட் சீட்டிலிருந்து துள்ளித் திரும்பினார். "அடப் பாவி! அந்தம்மா சாயங்காலம் பூரா அழுதுக்கிட்டிருந்தாங்களேய்யா."

"அழலைங்க. மேஜை போடும்போதே காதுல சொல்லிட்டேன். சிரிப்பை அடக்க முடியாமத்தான் கைக்குட்டையை எடுக்கலை."

"அப்பவே என்கிட்டயும் சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே!"

டென்ஸில் கோப்பையைச் சட்டைக் கையால் துடைத்தபடி சங்கோஜமாகச் சிரித்தார்.

"கோப்பை கேஸ் முடிஞ்சிருக்கும் சார். பெஞ்சு, ஜாம், பூசணி மூணும் அப்படியே கிடக்கும். நான் கேட்டா இந்த ஊர்ல யாரு பதில் சொல்றா? அதான் உங்களை உக்கார வச்சு, நல்லா கசந்த, சர்க்கரை போடாத டீயாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்."