விசாரித்த வரையில் நல்ல குடும்பம்

பதினோராவது ஆன்ட்டியும் டாக்டர் சபரிநாதனைத் தங்கம் என்றாள்.

விஷாகா எக்செல் தாளைப் பார்த்தாள். ‘குறை’ என்று தலைப்பிட்ட கட்டங்கள் பதினொன்றும் காலி. வெள்ளிக்கிழமைக்குள் அவற்றில் ஒன்றாவது நிரம்பவில்லை என்றால் அவளுக்கு இந்த வேலை இல்லை.

அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்தல். டெக்சாஸில் பிளானோ, ஆலன் ஊர்ப் பக்கத்துத் தொகுதியில் சபரிநாதன் ஒரு வேட்பாளர். விஷாகாவின் அலுவலகம் அவரை எதிர்த்து நிற்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைக்காக உழைத்தது. எதிராளியின் பழங்கதையைத் தோண்டுவது விஷாகாவின் பொறுப்பு. ஆஃபீஸில் அதற்கு ரிசர்ச் என்று கௌரவமான பெயர். கோர்ட்டு, வரி, சொத்து எல்லாப் பதிவுகளையும் பார்த்தாகிவிட்டது. வேகமாகக் கார் ஓட்டி அபராதம் கட்டியதுகூட இல்லை.

“தமிழ் கம்யூனிட்டில கேளு. பொய் சொல்லாதே. கேக்காததைச் சொல்லவும் வேண்டாம்” என்று இங்கிலீஷில் சொன்னான் மேனேஜர் க்ரிஷ்.

அந்த ஆஃபீஸில் தமிழ் சரளமாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். முன்பின் தெரியாதவர்களிடம் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவளும் அவள் ஒருத்திதான்.

“ஆன்ட்டி… டாக்டர் சபரிநாதன் ஃபேமிலியைப் பத்திக் கொஞ்சம் கேக்கலாமா?” என்று தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்பாள்.

மறுமுனை ஒரு நொடி யோசிக்கும். பிறகு குரலில் சர்க்கரை கரையும். “தாராளமா கேளும்மா. நல்ல ஃபேமிலி. கண்ணை மூடிட்டு மேல போகலாம்.”

எங்கே மேலே போவது என்று அவளுக்குப் புரியவில்லை.

பொதுவாகக் கேட்பதால்தான் பொதுவாகப் பதில் வருகிறது என்று முடிவு செய்தாள். பன்னிரண்டாவதாக, ஆலனில் இருக்கும் அபயாம்பாள் ஆன்ட்டியிடம் குறிப்பாகக் கேட்டாள்.

“அவர் குடிப்பாரா ஆன்ட்டி?”

“சேச்சே.”

“கோவம் வருமா?”

“வீட்ல ஒரு சத்தம் கேட்டதில்ல.”

“கேஸ், வம்பு ஏதாவது?”

“ஒண்ணும் கிடையாது. அப்பாவே இப்படின்னா பையன் எப்படி இருப்பான், நீயே பாத்துக்கோ.”

“எந்தப் பையன்?”

“நம்ம பிரணவ்தான். நல்ல உயரம். இன்னும் முடி கொட்டல.”

விஷாகாவின் காது சூடானது. குடிப்பாரா, கோபப்படுவாரா, வம்பு வழக்கு உண்டா? பெண்ணைக் கொடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகளை வரிசை மாறாமல் அல்லவா கேட்டிருக்கிறாள்! வரன் விசாரிக்கிறவர்களிடம் யார் குறை சொல்வார்கள்? ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் யாருக்கு வேண்டும்?

“ஆன்ட்டி, இது கல்யாண விஷயம் இல்ல.”

“புரியுது, புரியுது. முடிவாகற வரைக்கும் வெளியில விடக் கூடாது. கண்ணு பட்டுடும். நான் வாயே திறக்க மாட்டேன்.”

மறுநாள் காலைக்குள் ஆலன் முழுக்கத் தெரிந்திருந்தது.

பெண் குரல் என்பதால்தான் குழப்பம் என்று நினைத்து, அடுத்த அழைப்பை க்ரிஷையே பேசச் சொன்னாள். அவன் இங்கேயே பிறந்தவன். இருந்த தமிழையெல்லாம் திரட்டிக்கொண்டான்.

“ஹலோ ஆன்ட்டி. அந்த டாக்டர்… நல்ல ஆளா, பேட் ஆளா?”

“நீ பொண்ணோட அண்ணனாப்பா? கவலையே படாதே. உன் தங்கச்சியை ராணி மாதிரி வெச்சுப்பாங்க.”

க்ரிஷ் ஃபோனைக் கையால் பொத்தினான். “ஹூ இஸ் தங்கச்சி?”

சாயங்காலம் வீட்டில் அம்மா காமாக்ஷி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஏண்டி, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச அப்புறம்தான் பெத்தவளுக்குத் தெரியணுமா?”

“அது ஆஃபீஸ் வேலைம்மா.”

“எந்த ஆஃபீஸ்ல, மாமனார் குடிப்பாரான்னு கேக்கச் சொல்றாங்க?”

“எங்க ஆஃபீஸ்லதாம்மா.”

“நல்லா ரீல் விடு. பையன் நட்சத்திரமாவது கேட்டியா?”

புதன்கிழமை ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. “விஷாகாதானே? நான் பிரணவோட அம்மா, டாக்டர் புஷ்பவல்லி. நாம ரெண்டு பேரும் தனியா ஒரு காபி சாப்பிடலாமா?”

க்ரிஷ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். “கேண்டிடேட்டோட வைஃப்! கோ, கோ!”

விஷாகா போனது உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான். பிளானோவில் மளிகைக் கடைக்குப் பக்கத்திலிருந்த டிபன் கடையில் புஷ்பவல்லி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நரைத்த கிராப்பு, தேய்ந்த கைக்கடிகாரம், நகையே இல்லை.

“ஆன்ட்டி, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்.”

“நான் சொல்லிடறேன். அப்புறம் நீ சொல்லு. ஒரு பொண்ணு ஒரு வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டைப் பத்தி உண்மை தெரிஞ்சுக்கணும். எனக்கு அப்போ யாரும் சொல்லல.”

விஷாகா காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு ஆம்பளைங்க கெட்டவங்க இல்ல. குடி கிடையாது, சத்தம் கிடையாது. ஆனா நாம செஞ்சதைத் தாங்க செஞ்சதா சொல்லிடுவாங்க. சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்துல அவங்களே நம்பிடுவாங்க. டிவில வருதே, பாத்தியா?”

பார்க்காதவர்கள் யார்? பதினோரு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்த டாக்டர் சபரிநாதன். அவருடைய பிரசாரமே அந்த விளம்பரத்தில்தான் நின்றது.

“அந்தச் சனிக்கிழமையெல்லாம் நான். அவர் கோல்ஃபுக்குப் போயிடுவார். கிளினிக்குக்கு ரெண்டே தடவை வந்திருக்கார். ரெண்டும் போட்டோவுக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஏற்கெனவே சர்க்கரை போட்ட காபியில் மறுபடியும் சர்க்கரை போட்டாள்.

“கிளினிக்ல கையெழுத்து ரெஜிஸ்டர் இருக்கு. பதினோரு வருஷத்துக்கும் இருக்கு. யார் கேட்டாலும் காட்டுவாங்க. வேணும்னா எழுதிக்கோ.”

விஷாகா எழுதிக்கொள்ளவில்லை. சொல்ல வந்ததையும் சொல்லவில்லை. எதிரே இருந்தவள் முப்பது வருடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய், நான் உங்கள் மருமகள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை, காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. விஷயம் உண்மை. ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய உண்மை. ஆனால் அது விஷாகாவிடம் சொல்லப்பட்டதல்ல. வராத ஒரு மருமகளிடம் சொல்லப்பட்டது. சாம்பிள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எடுத்த விதம் தப்பென்றால் முடிவைத் தூக்கிப் போட்டுவிடு என்று காலேஜ் லேபில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்போது அது எளிதாக இருந்தது. தூக்கிப் போட்டது பாக்டீரியாவை.

‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று தட்டினாள்.

“நத்திங்?” என்றான் க்ரிஷ்.

“நத்திங்.”

“ரெண்டு மணி நேரம் காபி குடிச்சிருக்கே!”

“காபி நல்லா இருந்துது.”

க்ரிஷ் நல்லவன்தான். கத்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னான்.

வேலை போனதுகூட அவளை அவ்வளவு உறுத்தவில்லை. டிவியில் சபரிநாதன் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கும்போதெல்லாம், அந்தப் படத்தில் தானும் ஓரமாக நிற்பது போல இருந்தது. சத்தத்தைக் குறைப்பாள். அம்மா கூட்டுவாள். “சம்பந்தி பேசும்போது குறைக்காதேடி.”

தேர்தலுக்கு ஐந்து நாள் இருந்தது. மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளின் தோளை யாரோ தொட்டார்கள். புஷ்பவல்லி. ஒளிய இடமில்லை. இந்தத் தடவை விஷாகா முந்திக்கொண்டாள்.

“ஆன்ட்டி, என்னை மன்னிச்சிடுங்க. நான் வரன் பாக்கவே இல்ல. உங்க ஹஸ்பெண்டை எதிர்த்து நிக்கறவங்க ஆஃபீஸ்ல வேலை பாத்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் எல்லாருக்கும் ஃபோன் பண்ணேன். ஆனா நீங்க சொன்னதை ஒருத்தர்கிட்ட கூடச் சொல்லல. வேலையே போச்சு. அப்பவும் சொல்லல. சத்தியமா.”

புஷ்பவல்லியின் முகம் இருண்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அடிப்பாவி! நீ அந்த ஆஃபீஸ்ல போய்ச் சொல்லுவேன்னுதானேடி உன்னைத் தேடிப் பிடிச்சுக் காபி வாங்கிக் கொடுத்தேன்!”