பதினோரு வருஷத்துப் பூர்வகுடி

தான் வந்து இறங்கிய மறுநாளே நகரத்தின் கதவை இழுத்துச் சாத்தியிருக்க வேண்டும் என்று மனதார நம்புகிற ஒரு ரகத்தாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையத்து வாசலில் டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுக்கும் நம் சாவிக்காரர் அந்த ரகத்தில் முதல் தரம்.

மூட்டையும் குழந்தையுமாக பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் ஓர் அறை பிடிப்பார்கள், அடுத்து அவரிடம் வந்து பூட்டு வாங்குவார்கள், அறைக்கு ஆறு பேர் என்பதால் ஆளுக்கொரு சாவி கேட்பார்கள். அவரும் ஆறாவது சாவியை அரத்தால் ராவிக்கொண்டே, "இவங்க வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு" என்பார். யாரிடம்? சாவிக்குக் காத்து நிற்பவரிடமேதான்.

பிழைக்க வருகிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்தாள். சாவிக்காரர் அவளை வலியக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்.

"உள்ளூர்க்காரன் சொல்றேன், கேட்டுக்கம்மா. தண்ணிக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை, எல்லாம் இவங்களாலதான்."

"நீங்க எப்பலேர்ந்து இங்க இருக்கீங்க?"

"நானா? ஆச்சு, பதினோரு வருஷம்."

அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார். நடுவில் ஒரு போன் வந்தது. பேசினார், மறுபடி பொரிந்தார்.

நூலக அரங்கில் படம் போட்ட அன்று இஸ்திரி போட்ட சட்டையில் போனார். கூடவே மனைவி, ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாக அவர் வீட்டிலேயே இருக்கும் மனைவியின் தம்பி, அவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்.

திரையில் அவர் முகம் வந்தது. கீழே எழுத்து: 'சாவிக்காரர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பிழைக்க வந்தவர்.'

"வேற யாருக்கோ போட வேண்டியத எனக்குப் போட்டுட்டாங்க" என்றார்.

"சும்மா இருங்க" என்றாள் மனைவி.

திரையில் வசவுக்கு நடுவே அந்த போன் வந்தது. கேமரா ஓடுவதை அன்று அவர் மறந்திருந்தார். "மாப்ள, நாளைக்கு வர்றப்ப பைய கைய விட்டு இறக்காத. யார் கூப்பிட்டாலும் போகாத. பஸ்ஸ விட்டு இறங்குன இடத்துலயே நில்லு, நான் வர்றேன். எங்க தங்குறதா? நம்ம வீடு எதுக்குடா இருக்கு?"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. சாவிக்காரருக்குக் காது சுட்டது.

மைத்துனன் மெல்லக் கேட்டான். "மாமா, நானும் வந்தவன்தானே?"

"நீ வேறடா. நீ நம்மாளு."

வீட்டுக்காரர் ஆதரவாக அவர் தோளில் கை வைத்தார். "எங்க அப்பா காலத்துல இந்த ஊரு எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்க ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க, போச்சு."

சிரித்தது போதும். உங்கள் குடும்பத்தில் முதலில் பெட்டியோடு இறங்கியவர் யார், எந்த வருஷம் என்று வீட்டில் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்தவர்களைப் பற்றி நேற்றுகூட என்னவோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே.