அதிகாரியின் வாய்க்குள் போன விரல்

மனிதக் கையைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் என் வீட்டுக்காரர் கை என்ன செய்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விராலிமலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. காகிதத்தை நாசூக்காக மடிக்கும் ரோபோ கை ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சென்சார் வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு யாராவது மடித்துக் காட்டினால், அந்த அசைவை அது அப்படியே கற்றுக்கொள்ளும். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை. திருக்கோகர்ணத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் என் வீட்டுக்காரரை விடத் தோதான ஆள் கிடைக்குமா? ஒரு ஞாயிறு முழுக்க உட்கார வைத்து மடிக்க வைத்தேன். (நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

புதன்கிழமை சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி வந்தார். அவர் தலையசைத்தால்தான் திட்டம் தொடரும். முன்னதாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்றார் உடன் வேலை பார்க்கும் சாந்தி. தேவையே இல்லை என்றேன். (அப்போது எனக்கு அவ்வளவு தன்னம்பிக்கை.)

கை தாளைத் தொட்டது. ரப்பர் விரல் வழுக்கியது. மறுபடி தொட்டது, மறுபடி வழுக்கியது. அதிகாரி கிட்டே குனிந்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கை மேலே எழும்பி, ஆள்காட்டி விரலை நீட்டி, நேராக அவர் வாய்க்குள் வைத்தது. மென்மையாகத்தான். நாங்கள் கொடுத்திருந்த அழுத்தம் காகிதத்துக்கானது அல்லவா.

கை சாவகாசமாகத் திரும்பிப் போய் ஈர விரலால் தாளின் ஓரத்தைத் தொட்டது. ஒற்றைத் தாள் அழகாக எழும்பி, நூல் பிடித்த மாதிரி மடிந்தது.

நான் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மடிப்பையே உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க. இந்தத் தடவை தண்ணி வைங்க."

வீட்டுக்குப் போனதும், ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்கு நின்றேன்.

"எச்சி தொடாம தாளு எப்புடி வரும்? பக்கத்துலதானே ஒக்காந்திருந்த. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. இப்போது அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்ச் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியாது. "வாய மூடுங்க, கை வருது" என்பார் அவர். வந்த விருந்தாளிகளிடமும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். விழிக்கிறவர்களுக்கு நான்தான் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.