படகுக்கு ஓட்டுக் கேட்ட கதை

ஜனவரி மாதம் ஒரு காலையில் ஹார்லன் ஓஸ்டர்கார்டின் படகுக்கு ஆபத்து வந்தது.

வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. அவன் மனைவி நோரீன், கார்க் கண்ணாடியில் உறைந்து கிடந்ததை அரை மணி நேரம் சுரண்டிவிட்டு, மூக்கு சிவக்க உள்ளே வந்தாள்.

“என் கார் தெருவுல நடுங்குது. உங்க படகு காரேஜுக்குள்ள போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது. முதல்ல அதை வித்தாகணும். வீட்டுச் செலவையும் குறைச்சாகணும்.”

ஹார்லனுக்குக் காபி புரையேறியது. அந்தப் படகு அவனுக்கு உயிர். கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டே பிழைக்கிறவன். கோடையில் ஏரி நடுவே போய் உட்கார்ந்தால் மீன்கள் எதையும் கேட்காது, அவனும் மீன்களை எதுவும் கேட்க மாட்டான். அவனுக்கு வருஷத்தில் நிம்மதி என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஐயோவா மாநிலம் என்ன நினைக்கிறது என்று கேளுங்கள், மூன்று சதவீதம் முன்னே பின்னே சொல்லிவிடுவான். நோரீன் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள், முழிப்பான். ஆனாலும் அன்று எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது.

“இது ஜனநாயக நாடு, நோரீன். மக்களைக் கேட்போம்.”

“எந்த மக்கள்?”

“வீட்ல இருக்கிற மக்கள்தான்.”

மக்கள் என்றால் நோரீன், அவளுடைய அம்மா வெர்னா, இரண்டு வாரம் தங்குகிறேன் என்று வந்து மூன்று வருஷமாக நிலவறையில் குடியிருக்கும் அவள் தம்பி டுவேன், அப்புறம் ஹார்லன். ஆக மொத்தம் நாலு ஓட்டு.

“சரி. மார்ச் முதல் ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. சரிசமமா வந்தா படகை வித்துடணும். அதுவரைக்கும் வாராவாரம் கணிப்பு எடுத்துக்கோங்க” என்றாள் நோரீன்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததே இல்லை. ஹார்லன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவன் பேனாவைத் தேடப் போய்விட்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளோடு கூடத்தில் உட்கார்ந்தான்.

“குடும்பச் செலவைக் குறைக்கணுமா?”

“கட்டாயம் குறைக்கணும்” என்றாள் வெர்னா.

“தாறுமாறாப் போயிட்டிருக்கு, அத்தான்” என்றான் டுவேன்.

“அப்ப ஹீட்டரைக் கொஞ்சம் குறைக்கலாமா?”

“என்னைப் பொணமாப் பாக்கணுமா, மாப்ளே? இவனோட கேபிள் டிவியை எடுங்க.”

“கேபிள் டிவியை எடுத்துடலாமா, டுவேன்?”

“அதுல கை வச்சா நடக்கறதே வேற! ஹீட்டரைக் குறைங்க.”

ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாடு முழுக்கப் போன் போட்டுக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். வரியைக் குறை, செலவைக் குறை, எனக்கு வருவதில் மட்டும் கை வைக்காதே. அமெரிக்கா அவன் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தது.

“சரி, படகு? வச்சுக்கலாமா, விக்கலாமா?”

“விக்கணும்” என்றாள் நோரீன்.

“நான் இன்னும் தீர்மானிக்கல” என்றாள் வெர்னா.

“நானும்தான்” என்றான் டுவேன்.

தீர்மானிக்காதவர்கள்! அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹார்லனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தீர்மானிக்காதவர்களை வளைத்தவன்தான் ஜெயிப்பான் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே அறிக்கை எழுதிக் கொடுத்தவன் அவன்.

பிரசாரம் தொடங்கியது. வெர்னாவுக்காக ஹீட்டர் இரண்டு டிகிரி ஏறியது. டுவேனுக்காகப் புதிதாக ஒரு விளையாட்டுச் சேனல் வந்தது. செலவைக் குறைப்பதாக நோரீனுக்கும் வாக்குக் கொடுத்திருந்ததால், ஹார்லன் முடி வெட்டிக்கொள்வதை நிறுத்தினான்.

“படகோட பொருளாதாரக் கொள்கை என்ன, அத்தான்?” என்றான் டுவேன்.

“என்னடா கேக்கற?”

“அதான், எனக்கு என்ன கிடைக்கும்?”

வெள்ளிக்கிழமை தோறும் பெரிய பீட்சா கிடைத்தது.

இரவுச் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் ஹார்லன் கழுவினான். வெர்னாவின் துணிகளை மடித்தான். எதிர்க்கட்சியின் மனமும் இளகட்டும் என்று காலையில் நோரீனின் காரிலும் பனி சுரண்டினான்.

“அத்தை, இந்த வாரம் எந்தப் பக்கம் சாயறீங்க?”

“கொஞ்சம் சாஞ்சேன், மாப்ளே. ஆனா நேத்து நீங்க சுட்ட ஆப்பிள் பை அடியில தீஞ்சிருந்துச்சா, நிமிந்துட்டேன்.”

மறுநாள் தீயாத ஆப்பிள் பை வந்தது. ஐந்து ஞாயிறு போயும் இருவரும் தீர்மானிக்கவில்லை. வேலை செய்தே இளைத்த ஹார்லனின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு. அவன் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் போன் அடித்தது. வெர்னா எடுத்தாள். ஹார்லனின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்தான், யாருடைய நம்பர் என்று தெரியாமல், தேர்தல் கணிப்புக்காகப் போட்டிருக்கிறாள்.

“யாருக்கு ஓட்டா? இன்னும் தீர்மானிக்கலம்மா. நாப்பது வருஷமா அப்படித்தான் சொல்றேன். தீர்மானிச்சவ வீட்டுப் பக்கம் எவன் வர்றான்? தீர்மானிக்கலைன்னு சொன்னதுக்கு ஒரு செனட்டரே ஓட்டுக் கேட்டு வந்து என் வாசல் பனியை அள்ளிச் சுத்தம் பண்ணிட்டுப் போனார்! இப்ப ஒரு மாப்பிள்ளை சிக்கியிருக்கார். ஓட்டு அவருக்குத்தான்னு நானும் என் பையனும் முதல் நாளே முடிவு பண்ணியாச்சு. வெளியில சொல்லுவோமா?”

வாணலி தொட்டிக்குள் விழுந்தது.

“நோரீன்! டுவேன்! எல்லாரும் வாங்க! இப்பவே ஓட்டெடுப்பு!”

“இன்னும் ஒரு வாரம் இருக்கே” என்றாள் நோரீன்.

“ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. படகை வச்சுக்கலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க!”

மாட்டிக்கொண்ட வெர்னா தூக்கினாள். அம்மாவைப் பார்த்து டுவேன் தூக்கினான். சோப்பு நுரையோடு ஹார்லனும் தூக்கினான். மூன்றுக்கு ஒன்று! ஏப்ரனை அவிழ்த்து வீசிவிட்டுச் சமையலறை நடுவே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினான். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீடு பார்த்ததில்லை.

“மக்கள் பேசிட்டாங்க, நோரீன்! இந்த வீட்ல இனிமே பெரும்பான்மை சொன்னதுதான் சட்டம்!”

“எதுல வேணா?”

“எதுல வேணா!”

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவனே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

நோரீன் அதை நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

“அடுத்த கேள்வி. பாத்திரம், பனி, பீட்சா எல்லாத்தையும் ஹார்லனே தொடர்ந்து...”

அவள் முடிப்பதற்குள் மூன்று கைகள் மேலே போய்விட்டன.

“இதுல எனக்குக் குழப்பமே இல்ல, மாப்ளே” என்றாள் வெர்னா. “ஏப்ரனை எடுத்துக் கட்டுங்க.”